1745: சுவரை இடிக்கச் சொன்னவர்கள்

கத்தோலிக்கத் திருச்சபையை எதிர்த்துக் கேள்வி கேட்டவர் யார் என்றால் பள்ளிப் பிள்ளையும் மார்ட்டின் லூதர் என்று சொல்லிவிடும். பாவமன்னிப்புச் சீட்டு விற்பனைக்கு எதிராக 1517 அக்டோபர் 31 அன்று 95 கருத்துரைகளை வெளியிட்டவர் அவர். 1521-ல் வோர்ம்ஸ் நகரில் பேரரசரின் முன்னால் நின்று, எழுதியதைத் திரும்பப் பெற மாட்டேன் என்று சொன்னவர். அவருடைய வாழ்க்கை தமிழிலும் பலமுறை எழுதப்பட்டிருக்கிறது. இன்னும் எழுதப்பட வேண்டும். ஆனால் நம் புதுச்சேரிக்கும் ஓர் அக்டோபர் உண்டு. லூதருக்கு 228 ஆண்டுகள் கழித்து, 1745 அக்டோபரில், மிஷன் வீதியில் நடந்த ஒன்றை நம் ஊரிலேயே பலர் அறியவில்லை. சாரத்திலிருந்து காமராசர் சாலை வழியாக, ராஜா தியேட்டர் சிக்னலைத் தாண்டினால் சில நிமிடங்களில் போய்ச் சேரும் இடம்தான். அங்கே திருச்சபையைக் கேள்வி கேட்டவர்களுக்கு வாழ்க்கை வரலாறு இல்லை. பெயரும் இல்லை. அவர்களைச் சீர்திருத்தவாதிகள் என்று இந்த ஊர் இதுவரை அழைத்ததும் இல்லை. அழைக்க வேண்டும் என்பதே இந்தத் தலையங்கம் சொல்ல வந்தது.

இன்று சம்பா கோயில் நிற்கும் இடத்தில் அப்போது இயேசு சபையினரின் புனித பவுல் ஆலயம் இருந்தது. அதன் உள்ளே, வடபுறத்தில், ஒரு சுவர். சுவருக்கு ஒரு பக்கம் பறையர் கிறித்தவர்கள். மறுபக்கம் சாதிக் கிறித்தவர்கள், ஐரோப்பியர்கள், கலப்பினத்தார். ஒரே பூசை, ஒரே பீடம், ஒரே குருவானவர், நடுவில் சுவர். இதை நமக்குச் சொல்பவர் கிறித்தவர் அல்லர். ஆனந்தரங்கப் பிள்ளை தம்முடைய நாட்குறிப்பில் எழுதிவைத்தது இது. 1748-ல் வேதபுரீஸ்வரர் கோயில் இடிக்கப்பட்டதை வேதனையோடு பதிவு செய்தவர் அவர். பாதிரிமார் மீது அவருக்கு அன்பு கிடையாது. சேரி மக்களிடமும் தனிப் பரிவு கொண்டவர் அல்லர். இரு பக்கத்துக்கும் வேண்டாதவர் என்பதாலேயே இந்த விஷயத்தில் அவர் சொல்லுக்குக் கனம் கூடுகிறது.

அந்தச் சுவருக்கு ஒரு முன்கதை உண்டு. 1606-ல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலி காவி உடுத்தி, சைவ உணவு உண்டு, சந்நியாசியாக வாழ்ந்து உயர்சாதியினரிடம் வேதம் சொன்னார். தமிழுக்கு அவர் செய்ததை நாம் மறக்கவில்லை. ஆனால் சாதியைச் சமூக வழக்கம் என்று ஒதுக்கிவிட்டுச் சமயத்தை மட்டும் மாற்றலாம் என்ற அவருடைய வழி, ஒடுக்கப்பட்டோருக்கென்று வேறு குருமார் வேண்டும் என்ற இடத்துக்கு வந்து நின்றது. 1640 முதல் அவர்களுக்காகப் பண்டாரசாமிகள் என்ற தனி வரிசை உருவானது. உயர்சாதியாரின் குரு சேரிக்குள் வரமாட்டார். சாகக் கிடப்பவரைப் பார்க்கவும் வரமாட்டார்.

1703 நவம்பரில் போப்பாண்டவரின் தூதராகப் புதுச்சேரியில் வந்து இறங்கிய தூர்னோன் இதை விசாரித்தார். 1704-ல் அவர் பிறப்பித்த ஆணை தாலியில் பிள்ளையார் உருவம் இருப்பது முதல் குழந்தைத் திருமணம் வரை பலவற்றைக் கண்டித்தது. அதில் ஒரு விதி நம் கண்ணில் படவேண்டியது: நோயுற்ற பறையரை அவர்களுடைய வீட்டுக்கே சென்று குருமார் பார்க்க வேண்டும் என்பது. இதற்கு ஓர் ஆணை தேவைப்பட்டிருக்கிறது. அந்த ஆணையை எதிர்த்து நாற்பது ஆண்டுகள் ரோமாபுரிக்கும் புதுச்சேரிக்கும் இடையே வழக்காடவும் முடிந்திருக்கிறது. 1744 செப்டம்பரில் பதினான்காம் பெனடிக்ட் போப்பின் ஆணை மலபார் சடங்குகள் என்று பெயர் பெற்ற இந்தத் தகராறை முடித்துவைத்தது. அதுவும் பறையருக்கென்று தனிக் குருமாரை ஒதுக்கும் ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டுதான் முடித்தது. நாற்பது ஆண்டுகளாகப் பெரியவர்கள் பெரியவர்களுக்கு எழுதிக்கொண்டார்கள். யாருக்காக எழுதினார்களோ அவர்களை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

அடுத்த ஆண்டே அவர்கள் கேட்டார்கள்.

ஊரைச் சுற்றியிருந்த பல சேரிகளிலிருந்தும் மக்கள் கூட்டமாகத் திரண்டு கோயிலின் மூத்த குருவிடம் போனார்கள். காரைக்காலிலிருந்து வந்திருந்த ஒரு பாதிரியார் அவர்களுக்கு ஊக்கம் கொடுத்தார் என்று பிள்ளை எழுதுகிறார். அவர்கள் கேட்டதன் சாரம் இது: நாங்களும் உங்கள் சீடர்கள்தானே? ஆண்டவர் எல்லாரையும் ஒன்றாகத்தானே ஏற்றுக்கொள்கிறார்? அவர் வைக்காத பிரிவைச் சாதிக்காரர்கள் வைத்தார்கள், நீங்களும் அதற்கு இணங்கினீர்கள், காரணம் சொல்லுங்கள்.

இதைவிட நேரான வாதம் திருச்சபைச் சீர்திருத்த வரலாற்றில் எங்கே இருக்கிறது? அவர்கள் சலுகை கேட்கவில்லை, இரக்கமும் கேட்கவில்லை. நீங்கள் போதிக்கிற வேதத்தை வைத்தே நீங்கள் கட்டியிருக்கும் கோயிலை அளந்து காட்டுங்கள் என்றார்கள். லூதர் செய்ததும் இதுதான். அவர் கையில் இலத்தீன் இருந்தது, பல்கலைக்கழகப் பதவி இருந்தது, காப்பாற்ற ஒரு சிற்றரசர் இருந்தார், அச்சுக்கூடம் இருந்தது. நம் சேரிகளிலிருந்து போனவர்களிடம் இவற்றில் ஒன்றுகூட இல்லை. மறுநாள் காலையில் அதே சாதிக்காரர்களிடம் கூலிக்குப் போகவேண்டியவர்கள் அவர்கள். இருந்தும் போய் நின்றார்கள்.

மூத்த குருவால் மறுக்க முடியவில்லை. நீங்கள் சொல்வது நியாயம், எல்லாரும் என் பிள்ளைகளே என்று சொல்லி உடனே சுவரை இடிக்கச் செய்தார். அன்று மாலை வழிபாட்டில் பறையரும் மற்றத் தமிழரும் ஐரோப்பியரும் கலந்து அமர்ந்தார்கள் என்று நாட்குறிப்பு சொல்கிறது.

கதை இத்துடன் முடிந்திருந்தால் ஆண்டுதோறும் கொண்டாடியிருப்போம். அடுத்து நடந்ததையும் சொல்ல வேண்டும். தலைமைத் துபாஷியாக இருந்த கனகராய முதலியின் உறவுக் குடும்பத்துப் பெண் ஒருவர் மெல்லிய மஸ்லின் துணி உடுத்து, நகையும் வாசனையுமாக வந்து பீடத்துக்கு அருகே மண்டியிட்டார். குரு மூக்கைப் பிடித்துக்கொண்டார். கையிலிருந்த பிரம்பால் அந்தப் பெண்ணின் கொண்டையைக் குத்தி, நீ குடும்பப் பெண்ணா என்ற பொருளில் சபை நடுவே ஏசினார். சாதிக் கிறித்தவர்கள் கொதித்து எழுந்தார்கள். விவகாரம் ஆளுநர் துய்ப்ளே வரை போனது. சேரி மக்கள் நியாயமாகக் கேட்டு வாங்கிய ஒரு மாற்றம், ஒரே பொழுதில், ஒரு குருவின் ஆணவத்தோடு சேர்ந்து குழம்பிப்போனது. சுவரை இடித்த அதே கை ஒரு பெண்ணை அவமதித்தது. ஆத்திரப்பட்டவர்களுக்குப் பெண்ணின் அவமானமும் சுவரின் இழப்பும் ஒரே குற்றப்பட்டியலில் அடங்கிவிட்டன. எதிர்ப்புக்கு எளிதான காரணம் கிடைத்துவிட்டது. சுவர் போனது, பிரிவினை போகவில்லை. அதே ஆண்டு ஒழுகரையில் கனகராய முதலி புனித அந்திரேயா பெயரில் கட்டிய கோயிலின் திறப்பு விருந்தில் சாதிக்குச் சாதி வேறு வேறு சமையலும் பந்தியும் நடந்தன.

இந்த நிகழ்ச்சியைப் படிக்கும்போது ஒன்று உறுத்துகிறது. நாட்குறிப்பில் முதலிகளின் பெயர்கள் இருக்கின்றன. உறவுமுறைகள், நகைகள், துணியின் தரம்கூட இருக்கின்றன. சுவரை இடிக்கச் சொன்னவர்களில் ஒருவர் பெயரும் இல்லை. சேரிகள்தான் இருக்கின்றன. வரலாறு எழுதியவருக்கு அவர்கள் தனி மனிதர்களாகத் தெரியவில்லை. ஊக்கம் கொடுத்த பாதிரியாரைத்தான் தெரிந்தது. பின்னால் எழுதிய பலரும் சுவரை இடித்த பெருமையைக் குருவுக்கே கொடுத்துவிட்டார்கள். குரு கட்டளையிட்டார், அவ்வளவே. காரணம் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள் இல்லாவிட்டால் அவர் கட்டளையிட்டிருக்க மாட்டார்; அதுவரை எத்தனையோ பூசைகளை அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டேதான் செய்திருப்பார்கள்.

லூதரின் வழிவந்தவர்கள் இதில் மேலானவர்களாக இருந்தார்களா என்றால், இல்லை. 1706-ல் சீகன்பால்கு தரங்கம்பாடிக்கு வந்தார். தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சிட்டார். ரோமாபுரியின் அதிகாரத்தை மறுத்த அந்தச் சபைகளிலும் சாதிவாரியான இருக்கைகள் நூறாண்டுக்கு மேல் நீடித்தன. 1833-ல் ஆங்கிலிக்கன் பேராயர் டேனியல் வில்சன் சாதி வேறுபாட்டை உடனே ஒழிக்க வேண்டும் என்று ஆணையிட்டபோது, தஞ்சையிலும் சென்னையிலும் சாதிக் கிறித்தவர்கள் கூட்டமாகச் சபையைவிட்டு வெளியேறினார்கள். போப்பை மறுப்பதும் சாதியை மறுப்பதும் வெவ்வேறு காரியங்கள். முன்னதை ஒரு நூல் சாதிக்கலாம். பின்னதற்குப் பக்கத்தில் உட்கார வேண்டும்.

கத்தோலிக்கத் தரப்பில் சுவர்கள் தொடர்ந்து எழுந்தன. நெல்லைச் சீமையில் வடக்கன்குளத்தில் 1872-ல் கோயிலையே கால்சட்டை வடிவில், ஒரு பீடத்தில் சேரும் இரண்டு தனிக் கூடங்களாகக் கட்டினார்கள்: வேளாளர் ஒரு காலில், நாடார் முதலானோர் மறு காலில். 1910-ல் அந்தத் தடுப்பு இடிக்கப்பட்டபோது வேளாளர்கள் அதை மீண்டும் கட்டித்தரச் சொல்லிச் சென்னை உயர்நீதிமன்றம் வரை போய்த் தோற்றார்கள். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித்துகளின் குழிகளைப் பிரித்த சுவர் இந்த நூற்றாண்டிலும் நின்றது. 2010-ல் பெரியார் தொண்டர்கள் அதை இடிக்கப் போனதால்தான் வெளியூர்க்காரர்களுக்கே விஷயம் தெரிந்தது. உயிர்த்தெழுதலை நம்புகிற சமயத்தின் கல்லறையில், எழும்போதும் கலந்துவிடக் கூடாது என்பதுபோல ஒரு சுவர்.

புதுச்சேரித் தலித் கிறித்தவர்களுக்கு வேறொரு கதவும் திறந்தது. 1881 செப்டம்பர் 21 ஆணைப்படி, சொந்தச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சுக் குடியியல் சட்டத்தை ஏற்பதாகக் கையெழுத்திட்டவர்கள் பிரெஞ்சுப் பெயர் வைத்துக்கொண்டு, சட்டத்தின் முன் பிரெஞ்சுக்காரர்களுக்குச் சமமானார்கள். கையெழுத்திட்டவர்களில் சேரிக் குடும்பங்கள் ஏராளம். பட்டாளத்தில் சேர்ந்தார்கள், சைகோன் போனார்கள், ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பினார்கள். கோயில் கொடுக்கத் தயங்கியதைக் குடியரசின் ஒரு காகிதம் கொடுத்தது. இதைத் திருச்சபை இன்றும் யோசித்துப் பார்க்க வேண்டும்.

நம் காலத்துக்கு வருவோம். எறையூர் புதுச்சேரி - கடலூர் உயர்மறைமாவட்டத்தைச் சேர்ந்த ஊர். அங்கே தலித் கிறித்தவர்கள் தங்களுக்குத் தனிப் பங்கு வேண்டும் என்று கேட்டார்கள். ஊர்ப் பொதுப்பாதையில் தங்கள் சவ ஊர்வலம் போக முடியவில்லை, கல்லறை வேறாக இருக்கிறது என்பவை அவர்கள் முறையீடுகள். 2008 மார்ச் 9 அன்று அவர்களுடைய வீடுகள் தாக்கப்பட்டன. தாக்கியவர்கள் வன்னியக் கிறித்தவர்கள். அதே செபமாலையைக் கையில் உருட்டுகிறவர்கள். காவல்துறை துப்பாக்கிச்சூடு நடத்தியதில் இருவர் இறந்தார்கள். 1745-ல் எங்களைச் சேர்த்து உட்கார வையுங்கள் என்று கேட்டவர்களின் வழியினர், 2008-ல் எங்களைத் தனியாகவாவது விடுங்கள் என்று கேட்க நேர்ந்தது. இந்த 263 ஆண்டுகளுக்குப் பொறுப்புச் சொல்ல வேண்டியவர்கள் கேட்டவர்கள் அல்லர்.

எழுத்திலும் இந்தக் கேள்வி தொடர்ந்தது. கன்னியர் மடத்தில் சேர்ந்து, அங்கும் சாதியைக் கண்டு வெளியேறிய பாமா 1992-ல் ‘கருக்கு’ எழுதினார். அவருடைய அண்ணன் ராஜ் கௌதமன், நம் பக்கத்து இலாசுப்பேட்டையில் காஞ்சி மாமுனிவர் மையத்தில் தமிழ் கற்பித்தவர், 2002-ல் ‘சிலுவைராஜ் சரித்திரம்’ எழுதினார். சங்க இலக்கியத்தைச் சமூக வரலாறாக வாசிக்கக் கற்றுக்கொடுத்த அந்தப் பேராசிரியர் 2024 நவம்பரில் மறைந்தார். புதுப்பட்டி என்ற ஒரே ஊரின் ஒரே கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்த இருவர், திருச்சபைக்குள் தலித்தாக வளர்வது என்றால் என்ன என்பதை மறைக்காமல் எழுதிவைத்தார்கள். முதன்முறையாகக் கேள்வி கேட்டவர்களே எழுதினார்கள்; முதன்முறையாக அவர்களுக்குப் பெயர் இருந்தது. நாட்குறிப்பு விட்டுவைத்த இடத்தை நிரப்பியவர்கள் என்று இவர்களைச் சொல்வோம்.

இப்போது இதைப் பேச வேண்டுமா, சிறுபான்மையினர் மீது வன்முறை நடக்கும் காலத்தில் இது எதிரிக்கு ஆயுதம் கொடுப்பதாகாதா என்று நண்பர்கள் கேட்கிறார்கள். அக்கறையோடு கேட்கப்படும் கேள்வி. மழுப்பாமல் பதில் சொல்ல வேண்டும். எறையூர் நடந்த அதே 2008-ல், ஆகஸ்டு மாதத்தில், ஒடிசாவின் கந்தமாலில் கிறித்தவர்கள் கொல்லப்பட்டார்கள், ஊர்கள் எரிக்கப்பட்டன. அங்கே பலியானவர்களில் பெரும்பாலோர் தலித்துகளும் பழங்குடியினரும். ஒரே ஆண்டில் கோயிலுக்குள் சாதிக்காகவும் கோயிலுக்கு வெளியே மதத்துக்காகவும் அடிபட்டவர்கள் ஒரே மக்கள். அவர்களை வாயை மூடிக்கொள்ளச் சொல்லித்தான் திருச்சபையைக் காப்பாற்ற முடியும் என்றால், காப்பாற்றப்படுவது எது? கிறித்தவர்களின் வழிபாட்டு உரிமைக்காக இந்த இதழ் எப்போதும் குரல் கொடுக்கும். அந்த உரிமையின் உள்ளே ஒருவர் பக்கத்தில் ஒருவர் உட்காரும் உரிமையும் அடங்கும் என்றும் சொல்லும்.

அரசும் இதில் கைகழுவ முடியாது. 1950-ன் குடியரசுத் தலைவர் ஆணை இந்துக்கள் மட்டுமே பட்டியல் சாதியினர் என்றது. 1956-ல் சீக்கியரும் 1990-ல் பௌத்தரும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறித்தவரும் தலித் முஸ்லிமும் வெளியே நிற்கிறார்கள். புதுச்சேரிக்கென்று 1964-ல் வந்த ஆணையிலும் இதே தடைதான். 2007-ல் ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் இந்தத் தடையை நீக்கப் பரிந்துரைத்தது. 2004-ல் தொடுத்த வழக்கு உச்சநீதிமன்றத்தில் ஆண்டுக்கணக்கில் இழுக்கிறது. 2022-ல் இன்னோர் ஆணையம் அமைத்தார்கள். மதம் மாறினால் சாதி போய்விடும் என்று சட்டம் சொல்கிறது. எறையூர் தெருவில் அது போகவில்லை. கோயிலில் பறையர், அலுவலகத்தில் பறையர் அல்லர் என்ற இந்த இரட்டைத் தண்டனையை நீக்குவது நாடாளுமன்றத்தின் கடமை.

திருச்சபை ஒன்றுமே செய்யவில்லை என்று சொல்ல மாட்டோம். 2003 நவம்பரில் இரண்டாம் யோவான் பவுல் போப், தம்மைச் சந்தித்த தமிழக ஆயர்களிடமே சாதிப் பாகுபாட்டைக் கண்டித்துப் பேசினார். 2016 டிசம்பரில் இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை தலித் கிறித்தவர் மேம்பாட்டுக்கான கொள்கை ஆவணத்தை வெளியிட்டு, சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. 2022-ல் ஐதராபாத் பேராயர் அந்தோணி பூலா கர்தினால் ஆனார். அந்தப் பதவிக்கு வந்த முதல் தலித் அவர். இவை முக்கியமானவை. ஆனால் தூர்னோனின் ஆணையும் முக்கியமானதாகத்தான் இருந்தது. மேலிருந்து வரும் ஆணை பங்குக் கோயிலின் வாசலில் நின்றுவிடுகிறது என்பதை நம் ஊர் முந்நூறு ஆண்டுகளாகப் பார்த்து வருகிறது. உள்ளே கொண்டுபோவது எப்போதும் காரணம் கேட்கிறவர்கள்தான். ஆகவே கேட்கிறவர்களைக் கலகக்காரர்கள் என்று பார்ப்பதை உயர்மறைமாவட்டம் முதலில் நிறுத்த வேண்டும்.

நாங்கள் கேட்பவை இவை. ஒவ்வொரு பங்கிலும் கல்லறைத் தோட்டம் ஒன்றா இரண்டா, சவ வண்டி எல்லார் வீட்டுக்கும் வருகிறதா, திருவிழாத் தேர்பவனி எந்தத் தெருவோடு திரும்பிவிடுகிறது, பங்குப் பேரவையில் யார் இருக்கிறார்கள் என்பதை உயர்மறைமாவட்டம் ஊர்வாரியாகத் தொகுத்து வெளியிட வேண்டும். பிரிவினை உள்ள பங்கில், அது நீங்கும்வரை திருவிழா நடத்துவதில்லை என்று முடிவெடுக்க வேண்டும். தேர் நின்றால் ஊர் யோசிக்கும். குருமடங்களில் இந்தச் சுவர்களின் வரலாறு பாடமாக வேண்டும். ஆயர்களைத் தேர்ந்தெடுக்கும்போது, தமிழகக் கத்தோலிக்கரில் பெரும்பான்மையினர் தலித்துகள் என்ற உண்மை கணக்கில் வரவேண்டும்.

கடைசியாக ஒன்று. 1745-ல் இருந்த கோயில் இன்று இல்லை. 1761-ல் ஆங்கிலேயர் நகரை இடித்தபோது அதுவும் போனது. இப்போதுள்ள ஆலயம் 1791-ல் திருநிலைப்படுத்தப்பட்டது. அதன் வாசலில் ஒரு கல்வெட்டு வைக்க வேண்டும் என்று பேராயரைக் கேட்கிறோம். இந்த இடத்தில், 1745 அக்டோபரில், புதுச்சேரிச் சேரிகளின் கிறித்தவர்கள் சாதிச் சுவருக்குக் காரணம் கேட்டு அதை இடிக்க வைத்தார்கள் என்ற செய்தி தமிழிலும் பிரெஞ்சிலும் அதில் இருக்கட்டும். பெயர்கள் இல்லை என்பதால் செய்தி இல்லாமல் போய்விடாது. வரும் அக்டோபருக்குள் அதை நிறுவ உயர்மறைமாவட்டம் முன்வந்தால், இந்த இதழின் வாசகர்கள் தங்கள் பங்கைத் தரத் தயாராக இருக்கிறார்கள்.